தொகுத்தோன் யார்? தொகுப்பித்தோன் யார்?
காணொளி விளையாட்டுகளின் ‘தலைசிறந்த’ பட்டியல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சென்ற விடுமுறையின்போது, திருகோணமலை உட்துறைமுக வீதியோரத்தில், ஒரு மாலைப்பொழுதில் எழுந்த வாதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. உயர்தர வகுப்பிற் பயிலும் என் சித்தப்பாவின் மகன், உலகில் இதுவரை தோன்றிய காணொளி விளையாட்டுகளுள் தலைசிறந்தவை எனப் பத்தினை வரிசைப்படுத்தி வைத்திருந்தான். நாற்பதைக் கடந்த மாமா ஒருவர் அவ்வரிசையை இருமுறை பார்த்துவிட்டு, “கொன்ட்ரா இல்லாத பட்டியல் என்ன பட்டியல், தம்பி?” என்றார். “அது பழைய ரீவி கேம், மாமா. இந்த லிஸ்ற் எல்லாம் பெரிய ஆக்கள் போடுறது” என்று தம்பி சிரித்தான். “ஆர் அந்தப் பெரிய ஆக்கள்?” என்று மாமா கேட்டார். அக்கேள்விக்கு அங்கிருந்த எவரிடமும் விடை இருக்கவில்லை.

பொழுதுபோக்காக எழுந்த வாதமாயினும், அக்கேள்வி வரலாற்று மாணவனுக்குரிய கேள்வியாகும். சிறந்தவை எவை எனப் பட்டியலிடுவோர், நினைக்கத்தக்கவை எவை என்பதையும் உடன் தீர்மானித்து விடுகின்றனர். பட்டியலில் இடம்பெற்றவை நூதனசாலைக்கும் நூலகத்துக்கும் பாடநூலுக்கும் செல்கின்றன. இடம்பெறாதவை காலப்போக்கில் இல்லாதவையாகவே ஆகிவிடுகின்றன. எனவே இத்தகைய பட்டியல்களை எவ்வாறு மதிப்பிடுவது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுத்தற் கலை தமிழருக்குப் புதியதன்று. எட்டுத்தொகை நூல்கள் பலவற்றைப் பற்றி மரபு மூன்று செய்திகளைப் பேணி வைத்துள்ளது. தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார், எந்த அளவுகோல் கொண்டு தொகுக்கப்பட்டது என்பனவே அவை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12 அடி, அகநானூற்றுக்கு 13 முதல் 31 அடி என அளவும் வெளிப்படையாகவே கூறப்பட்டது. எல்லாத் தொகைகளுக்கும் இச்செய்திகள் முழுமையாகக் கிடைக்கவில்லையெனினும், புலவர் தெரிவும் புரவலர் விருப்பும் அளவுகோலும் சேர்ந்தே ஒரு தொகை உருவாகின்றது என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை. இம்மூன்று வினாக்களையும் காணொளி விளையாட்டுப் பட்டியல்களிடமும் நாம் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில், 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட பத்து விளையாட்டுகளின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி லோவூட் என்னும் அறிஞரும் அவருடன் வேறு நால்வரும் இதனைத் தொகுத்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் திரைப்படங்களைப் பேணுவதுபோல் விளையாட்டுகளையும் பேண வேண்டும் என்னும் யோசனையை ஒட்டி இது எழுந்தது. 1962இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து மாணவர் படைத்த ‘ஸ்பேஸ்வோர்’ முதல், ‘ரெற்றிஸ்’, ‘சிம்சிற்றி’, ‘சிவிலைசேஷன்’, ‘டூம்’ முதலியன இதில் இடம்பெற்றன. தொகுத்தோரும் நோக்கமும் வெளிப்படையாயிருத்தலின் இது நேர்மையான பட்டியலே. ஆயினும் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. ‘சுப்பர் மரியோ பிறதர்ஸ் 3’ யப்பானில் 1988இலேயே வெளிவந்தது. பட்டியலோ அதற்கு 1990 என ஆண்டு குறித்தது. 1990 என்பது அவ்விளையாட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஆண்டாகும். தொகுப்போர் எத்துணை நடுநிலையாளராயினும், தாம் நிற்கும் கரையிலிருந்தே கடலைப் பார்க்கின்றனர் என்பதற்கு இச்சிறு குறிப்பே போதிய சான்றாகும்.

இரண்டாவது, நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரில் உள்ள விளையாட்டு நூதனசாலை 2015இல் நிறுவிய புகழ்மண்டபம். ‘பொங்’, ‘பக்மான்’, ‘ரெற்றிஸ்’, ‘சுப்பர் மரியோ பிறதர்ஸ்’, ‘டூம்’, ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராவ்ற்’ ஆகிய ஆறும் முதலாண்டில் அங்கு இடம்பெற்றன. பரந்த அறிமுகம், நீடித்த வாழ்வு, புவியியற் பரம்பல், பிறவற்றின் மீதான செல்வாக்கு என நான்கு அளவுகோல்கள் அங்கு வகுக்கப்பட்டன. வெறுமனே ‘சிறந்தது’ என்று கூறாது, எதனாற் சிறந்தது என வகுத்துக் கூறியமை பாராட்டத்தக்கது.

மூன்றாவது, 2025இல் பிரித்தானியாவின் ‘பாஃப்ரா’ நிறுவனம் நடத்திய பொதுமக்கள் வாக்கெடுப்பு. செல்வாக்கு மிக்க விளையாட்டு எது என்ற வினாவுக்கு, 1999இல் யப்பானில் வெளிவந்த ‘ஷென்மு’ முதலிடம் பெற்றது. தன் ஆக்கச் செலவையே மீட்டெடுக்க இயலாத அவ்விளையாட்டு ‘டூம்’, ‘மரியோ’ ஆகியவற்றை முந்தியமை பலரை வியப்பில் ஆழ்த்தியது. அறிஞர் தொகுத்தால் ஒரு வரிசையும் மக்கள் தொகுத்தால் வேறொரு வரிசையும் பிறப்பதை இது காட்டுகின்றது.

அளவுகோலை மாற்றினால் முடிவும் மாறும் என்பதற்கு இத்துறையின் தொடக்க வரலாறே சான்றாகும். முந்தியதே சிறந்தது எனக் கொண்டால், 1958இல் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் அலைகாட்டித் திரையில் அமைத்துக் காட்டிய ரெனிஸ் ஆட்டத்துக்கு உயர்ந்த இடம் அளித்தல் வேண்டும். ஆனால் அது அடுத்த ஆண்டே கழற்றி வைக்கப்பட்டது. 1972இல் றால்ஃப் பேயரின் கண்டுபிடிப்பாகிய ‘ஒடிசி’ வீட்டுக் கருவி வெளிவந்தது. அதன் மேசைப்பந்து ஆட்டத்தை நோலன் புஷ்னல் பார்வையிட்ட பின்னரே, அதே ஆண்டு அவரது அற்றாரி நிறுவனத்திலிருந்து ‘பொங்’ பிறந்தது. வழக்கு மன்றம் வரை சென்ற இவ்விவகாரம் 1976இல் இணக்கமாக முடிந்தது. முதன்மை ஹிகின்போதத்துக்கும், உரிமை பேயருக்கும், புகழ் ‘பொங்’குக்கும் உரியன ஆயின. மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி எது பெரிது என வினவுதல் பொருந்தாது.

இனி, புவியியற் பரம்பல் என்னும் அளவுகோலைச் சற்று விரிவாக நோக்குவோம். மாமாவின் கேள்வி இங்கேதான் உயிர்பெறுகின்றது. ஒரு விளையாட்டு எங்கெங்கு பரவியது என்பதை விற்பனைக் கணக்கே பெரும்பாலும் காட்டுகின்றது. ஆனால் உலகின் பெரும்பகுதி விற்பனைக் கணக்குக்கு வெளியே நின்றே விளையாடியது. நின்ரெண்டோ நிறுவனம் 1983இல் யப்பானில் வெளியிட்ட ‘ஃபமிகொம்’ கருவியின் போலிகள் தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்டுப் பல நாடுகளுக்கும் சென்றன. ரஷ்யாவில் 1992 முதல் ‘டெண்டி’ என்னும் பெயரில் விற்கப்பட்டதும் இத்தகைய போலியே. ஒரு தலைமுறை முழுவதும் அதனையே மூலம் என நம்பி வளர்ந்தது. எமது தீவில் அது வெறும் ‘ரீவி கேம்’. ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பதிவேட்டிலும் அச்சிறுவர்கள் இல்லை.

மாமாவின் நினைவில் அக்காலம் பின்வருமாறு பதிந்துள்ளது. தொண்ணூறுகளில், ஊரடங்கு நேரத்தில், வெளியே கிளித்தட்டு மறிக்கவும் இயலாத சிறுவர்கள், தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டில் மாலைக்கு முன்னரே கூடிவிடுவர். மின்சாரம் நிற்கும்வரை ஆட்டம் நடைபெறும். மஞ்சள் நிறக் கசெற்றின் உறையில் 99,999 ஆட்டங்கள் என்று அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவை பத்துக்கும் குறைவு. அவையே பெயர் மாறியும் நிறம் மாறியும் திரும்பத் திரும்ப வரும். இதுவும் ஒரு பட்டியலே. தொகுத்தோன் பெயரறியா வணிகன்; தொகுப்பித்தது இலாபம். ஆயினும் தெற்காசியாவிலும் கிழக்கைரோப்பாவிலும் எண்ணற்ற சிறுவர்களின் சுவையை வகுத்தது அறிஞர் தொகையன்று, அப்பொய்த் தொகையே.

அதில் தவறாது இடம்பெற்றது ‘கொன்ட்ரா’. கொனாமி நிறுவனம் 1987இல் பொது விளையாட்டுக் கூடங்களுக்கென வெளியிட்டு, மறு ஆண்டு வீட்டுக் கருவிக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது. தாம் சிறுவயதில் விளையாடியதையே சிறந்ததென எண்ணுதல் மனித இயல்பு. பாசம் தகுதியாகுமா என்று இங்கு ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. எனவே பாசத்தை நீக்கிவிட்டு அவ்வாட்டத்தின் அமைப்பை நோக்குவோம். அதில் இருவர் ஒரே வேளையில், ஒரே திரையில், ஒருவரோடொருவர் மோதாது ஒருவருக்கொருவர் துணையாக நின்று முன்னேறலாம். மேல்நோக்கி ஏறும் இடங்களில் ஒருவன் அவசரப்பட்டு முந்தினால் கீழே நிற்பவன் உயிரிழப்பான். காத்திருக்கக் கற்றவர்களே கரை சேர்வர். ஒரே ஒரு தொலைக்காட்சியைப் பலர் பங்கிட்ட ஊரில் இவ்வமைப்புப் பெற்ற பொருள், ஒவ்வோர் அறையிலும் ஒரு கருவி இருந்த ஊரில் பெற்ற பொருளன்று. வாதத்தின் முடிவில் மாமா கூறியது ஒன்றே: “மற்ற ஜொய்ஸ்ரிக்கப் பிடிச்சவன் இப்ப எந்த நாட்டில எண்டும் தெரியாது.” அவர் பட்டியலில் இடம் கேட்டது ஆட்டத்துக்கு மாத்திரமன்று.

வரலாறு திரையில் எவ்வாறு தோன்றுகின்றது என்பதும் தகுதியை நிர்ணயிக்கும் ஒரு கூறாக வேண்டுமா என்ற வினாவும் எழுகின்றது. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தை விட்டு முன்னரே வெளியேறியிருந்த ‘ஹெர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனுடன் சென்ற ‘வம்பயர்’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. 2015இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஒவ் வோர்சிப்ஸ்’ என்னும் விளையாட்டில் இவ்விரு கப்பல்களும் உள்ளன. என் தம்பி தன் பட்டியலில் அதற்கு நான்காம் இடம் கொடுத்திருந்தான். ஹெர்மிஸின் வேகமும் விமானத் தொகையும் அவனுக்கு மனப்பாடம்; அது தான் அன்றாடம் பார்க்கும் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மூழ்கிய கப்பல் என்பது மட்டும் தெரியாது. நுணுக்கமான உருவாக்கம் என்ற அளவில் அவ்விளையாட்டுத் தகுதியுடையதாகலாம். ஆனால் கப்பலைத் தந்து கடலை மறைக்கும் ஒன்றினை வரலாற்று விளையாட்டு எனப் போற்றுமுன் நாம் தயங்குதல் வேண்டும்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘வெண்பா’. ரொறன்ரோவைச் சேர்ந்த சிறு குழுவொன்று 2023இல் வெளியிட்ட இவ்விளையாட்டு, எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகக் கூறுகின்றது. தாயிடமிருந்து வந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. எழுத்தழிந்த இடங்களை ஊகித்து நிரப்பினாலன்றி உணவு அமையாது. மகனோ தமிழிலிருந்து விலகிச் செல்கின்றான். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சிறிய ஆக்கம், 2024இல் சுதந்திர விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் ‘பாஃப்ரா’வின் முதற்படைப்பு விருதையும் பெற்றது. தமிழர் ஆக்கம் என்பதற்காகவே இதனை உலகத் தொகையில் ஏற்றுதல் முறையன்று. நீடித்த வாழ்வு என்னும் அளவுகோலுக்கு விடைகூறக் காலம் போதாது. ஆயின், இக்கலை எவற்றையெல்லாம் சொல்லவல்லது என்பதே அளவாயின், சிதைந்த ஏட்டைச் செப்பனிடுதலையே விளையாட்டின் இயக்கமாக்கிய இதற்கு இடமுண்டு என்பதே எமது கருத்தாகும்.

சிதைந்த ஏடு என்றதும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையை நினையாதிருத்தல் இயலாது. அவர் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அதன் சிறப்பை வரிசைப்படுத்தியபின் பதிப்பிக்கவில்லை. செல்லரித்து அழியுமுன் காத்தலே முதற்கடனாயிருந்தது. காணொளி விளையாட்டுகளின் நிலையும் இன்று அதுவே. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையிற் கிடைப்பதில்லை என, அந்நாட்டு விளையாட்டு வரலாற்று அமைப்பொன்று 2023இல் ஆராய்ந்து வெளியிட்டது. பதிவேடுகள் நிறைந்த நாட்டின் நிலையே இதுவாயின், பதிவேட்டிற் புகாத எமது கசெற்றுகளினதும் அவற்றைச் சூழ்ந்திருந்தோரினதும் நிலை சொல்லாமலே விளங்கும்.

ஆகவே பட்டியல்களை ஒதுக்குதல் எமது முடிவன்று. தெரிவு இன்றி வரலாறு இல்லை. ஆனால் எப்பட்டியலைக் கண்டாலும் தொகுத்தோன் யார், தொகுப்பித்தோன் யார், அளவு யாது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடையளிக்கும் பட்டியலையே மதித்தல் வேண்டும். அதற்கு முன்னதாக, எம்மூர்களில் எவை, எவ்வாறு, யாருடன் விளையாடப்பட்டன என்பதை அக்காலத்தோர் நினைவிலிருந்து எழுதி வைத்தல் வேண்டும். கலைப்பீட மாணவர் எவரும் தம் ஊரில் இதனைச் செய்யலாம். அதற்கு ஒரு கொப்பியும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.

என் தம்பி தன் பட்டியலை இன்னும் மாற்றவில்லை. ஆயினும் விடுமுறை முடியுமுன், தாளின் அடியில் ‘தொகுத்தவன்’ என்று எழுதித் தன் பெயரை இட்டிருந்தான். நல்ல தொடக்கம் எனலாம்.