சுரண்டி எடுத்த பழைய தாரில் புது ரோடு: மழைக்குத் தாங்குமா?

ரோடு மேல ரோடு போட்டதால் வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது என்பது தமிழ்நாட்டில் பழகிய புகார். இதைத் தடுக்க, பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். சுரண்டி எடுக்கும் தார் ஜல்லியை மறுபடியும் பயன்படுத்த முடியும். அதற்கான நடைமுறை 2015ல் ஐஆர்சி 120 என்ற பெயரில் வெளியானது. ஆனால் பீங்கான் நகரமான விருத்தாசலம் போல வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊர்களில் அது நிற்குமா?

பழைய தாருக்கு என்ன ஆகிறது?

வெயிலும் காற்றும் படப்பட தாரில் உள்ள எண்ணெய்த் தன்மை குறைகிறது. தார் இறுகி, விரிசல் விடுகிறது. ஜல்லியை முழுசாகப் பூசும் தன்மையும் போய்விடுகிறது.

ரெஜுவனேட்டர் என்றால் என்ன?

இறுகிய தாரை இளக்கும் எண்ணெய்தான் இது. பெட்ரோலிய எண்ணெய், தாவர எண்ணெய் எனப் பல வகை உண்டு. விருத்தாசலம், பண்ருட்டி பக்கம் அதிகம் விளையும் முந்திரியின் கொட்டைத் தோலில் இருந்து எடுக்கும் எண்ணெயை வைத்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. இளகிய தார், ஜல்லி மீது நன்றாகப் படர்ந்து ஒட்டுகிறது.

அப்போ சிக்கல் எங்கே?

அளவில்தான். எண்ணெய் கூடிப்போனால் தார் இளகினாலும் பிடிமானம் குறையும். சிலிக்கா அதிகமுள்ள ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீர் மீதுதான் ஈர்ப்பு அதிகம். இடையில் தண்ணீர் புகுந்தால் தார் உரிந்து, ஜல்லி பெயர்ந்து, குழி விழும். சூடும் நேரமும் போதாவிட்டால், எண்ணெய் பழைய தாருக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். அதனால்தான் நீற்றுச் சுண்ணாம்பு அல்லது ஒட்டும் திறனைக் கூட்டும் ரசாயனமும் சேர்க்கிறார்கள்.

எப்படிச் சோதிப்பது?

ஒரே கலவையில் மாதிரிகள் செய்து, பாதியைத் தண்ணீரில் ஊறவைத்து, 60 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் வைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து உடைத்துப் பார்ப்பார்கள். நனைந்த மாதிரிக்கு, நனையாததன் வலிமையில் குறைந்தது 80% இருக்க வேண்டும் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி.

ஆக, உங்கள் தெருவில் பழைய தாரைக் கலந்து ரோடு போட்டால், 'சுரண்டினீங்களா?' என்பதோடு விடாமல், 'தண்ணீர்ச் சோதனையில் 80% வந்ததா?' என்றும் கேளுங்கள். கருப்பாக, பளபளப்பாக இருப்பதை வைத்து மட்டும் ரோட்டின் உறுதியைச் சொல்ல முடியாது.