எஃப்.ஏ. என்னும் படிக்கட்டு

படிப்பின் நடுவே பெரிய கல்லூரிக்கு மாறுவது இன்றைய ஆசை மட்டுமல்ல. 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தில் பலருக்கு அதுவே வழி. இரண்டாம் தரக் கல்லூரிகள் பி.ஏ.வுக்கு முந்தைய இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ. வரையே கற்பித்தன, பி.ஏ. படிக்க முதல் தரக் கல்லூரிக்குப் பெட்டி கட்ட வேண்டும். இயற்பியலாளர் சி.வி. ராமன் விசாகப்பட்டினத்தில் எஃப்.ஏ. முடித்து 1902இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலிருந்து சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். ஊர் எதுவானாலும் தேர்வு ஒன்று என்பதே இந்த நகர்வுக்கு அடிப்படை.

சென்னையில் தங்கக் காசில்லாதவருக்கு அந்தப் படி எட்டாதே என்பது நியாயமான மறுப்பு. அதைவிடக் கனமான மறுப்பு ராமானுஜன்: கணக்கில் மேதை, மற்ற பாடங்களில் சறுக்கி 1907இல் எஃப்.ஏ.வில் தோற்றார். ஆகவே பொது அளவுகோல் சிற்றூர் மாணவருக்குக் கதவைத் திறந்தது உண்மை. எல்லாத் திறமையையும் அது அளந்தது என்பதுதான் பொய்.