காட்டுக்குள் உள்ள கல்லறைகள் யாருடைய சான்று? வன நிலங்களின் தொல்மரபும் தலித் மக்களின் உரிமையும்

தமிழ்நாட்டின் காப்புக்காடுகளுக்குள் கல்திட்டைகளும் கல்வட்டங்களும் பாறை ஓவியங்களும் நடுகற்களும் உள்ளன. அதே காடுகளில், அப்புறப்படுத்தப்பட்ட குடியிருப்புகளின் இடுகாடுகளும் குலதெய்வ மேடைகளும் பழைய கிணறுகளும் கிடக்கின்றன. முதல் வகையைத் தொல்லியல் என்று அரசு அறியும். இரண்டாம் வகைக்கு அரசு ஆவணங்களில் பெரும்பாலும் பெயர்கூட இல்லை. இவற்றை யார் பராமரிப்பது, யார் உள்ளே செல்லலாம், அறிவிப்புப் பலகையில் யாருடைய வரலாற்றை எழுதுவது என்பவை பண்பாட்டுத் துறைக்கு மட்டும் உரிய கேள்விகளாகத் தோன்றக்கூடும். காட்டு நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த தலித் குடும்பங்களுக்கு இவை நில உரிமைக்கான சான்றைப் பற்றிய கேள்விகளும் ஆகும். ஓர் இடுகாடு அழிந்தால் ஒரு நினைவு மட்டும் அழிவதில்லை. ஓர் ஆவணமும் அழிகிறது. இது குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறையில் என்ன நிகழ்கிறது, கிராம சபைகளால் என்ன செய்ய இயலும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

ஒரே நிலம், மூன்று சட்டங்கள்

தமிழ்நாட்டில் காப்புக்காடுகளை உருவாக்கும் நடைமுறை 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்கும் எண்ணத்தை அரசு அறிவிக்கும். வன நிர்ணய அலுவலர் உரிமைக் கோரிக்கைகளைக் கேட்பார். குறித்த காலத்துக்குள் கோரப்படாத உரிமைகள் அற்றுப்போகும். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்கள் அரசிதழ் அறிவிப்பைப் படித்து மனுக் கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்த நடைமுறை அது. அவர்களுடைய வழிபாட்டிடங்களும் புதைப்பிடங்களும் இந்த மௌனத்தின் வழியாகவே அரசு நிலமாயின.

இரண்டாவது, தொல்லியல் சட்டங்கள். ஒன்றிய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தது 100 ஆண்டுப் பழமை உடைய கட்டடம், குகை, கல்வெட்டு, புதைப்பிடம் ஆகியவற்றைத் தொன்மைச் சின்னம் என வரையறுக்கிறது. தேசிய முக்கியத்துவம் உடையதாக ஒன்றை அறிவிக்குமுன் இரண்டு மாத கால அவகாசத்தில் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மாநில அளவில் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இதே பணியைச் செய்கிறது. எது பாதுகாக்கத் தக்கது என்பதைத் துறை அறிவிக்கைதான் தீர்மானிக்கிறது. அறிவிக்கை பெறாத எதற்கும் இச்சட்டங்களின் முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

மூன்றாவது, 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கும்போது, அவ்விடத்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் அல்லது மரபுச் சின்னம் உள்ளதா என்ற கேள்வி படிவத்தில் இடம்பெற்று வந்துள்ளது. அதற்குப் பதில் எழுதியவர் வனத்துறை அலுவலர். கேள்வியில் உள்ள 'பாதுகாக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தொல்லியல் துறை பதிவு செய்யாத இடுகாட்டையோ தெய்வ மேடையையோ அலுவலர் குறிப்பிடாமல் விட்டாலும் படிவம் விதிப்படி நிறைவாகிவிடும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம், வனச் செயல்திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகளை 'வனம் சாரா நோக்கம்' என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. மக்களை வெளியே நிறுத்தும் வேலிக்குள் சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதி வருவதற்கு இது வழிதிறக்கிறது.

2006ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த மாற்றம்

வன உரிமைச் சட்டம் என அறியப்படும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், காட்டை மக்களின் வாழ்விடமாகவும் காண்கிறது. மேற்கண்ட மூன்று சட்டங்களிலும் இல்லாத இரண்டு கூறுகள் இதில் உள்ளன.

முதலாவது, மேலாண்மை அதிகாரம். சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் 3ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. வனவாசிகளின் பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் பாதிக்கும் அழிவுச் செயல்களிலிருந்து அவர்களின் வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தை 5ஆம் பிரிவு கிராம சபைக்கும் உரிமையாளர்களுக்கும் தருகிறது. இதற்கான குழுவை அமைப்பதும், அக்குழு தயாரிக்கும் மேலாண்மைத் திட்டத்தைக் கண்காணிப்பதும் கிராம சபையின் பணி என்று விதிகள் கூறுகின்றன. ஆகவே, காட்டுக்குள் உள்ள மரபிடங்களின் மேலாண்மையில் கிராம சபைக்குச் சட்டப்படியான இடம் உண்டு. அதிகாரிகள் விரும்பினால் கலந்தாலோசிக்கலாம் என்ற நிலை இன்று இல்லை.

இரண்டாவது, சான்று. உரிமைக் கோரிக்கைகளுக்கு எவையெல்லாம் சான்றாகும் என்பதை 13ஆம் விதி பட்டியலிடுகிறது. வாக்காளர் அட்டை, அரசுப் பதிவேடு ஆகியவற்றோடு, பழமையை நிறுவும் மரபுவழிக் கட்டமைப்புகளான கிணறுகள், புதைப்பிடங்கள், புனித இடங்கள் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. மூத்தோரின் எழுத்துப்பூர்வ வாக்குமூலமும் சான்றே. சமூக வன வளக் கோரிக்கைக்கு உள்ளூர்ச் சமூகம் கட்டிய கட்டமைப்புகளின் எச்சங்கள், புனித மரங்கள், தோப்புகள், இடுகாடுகள் ஆகியவை சான்றாகும். தொல்லியல் சட்டம் காட்சிப்பொருளாகக் காண்பதை, வன உரிமை விதி மக்களின் கைச்சான்றாகக் காண்கிறது.

75 ஆண்டு என்னும் சுவர்

இந்தச் சான்றுகளின் தேவை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் நிலத்தை அனுபவித்ததைக் காட்டினால் போதும். தலித் குடும்பங்கள் 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற வகையில் வருகின்றன. அவர்கள் அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்து அதைச் சார்ந்திருந்ததை நிறுவ வேண்டும். 1930ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் செல்லும் கணக்கு இது. குறிப்பிட்ட அதே துண்டு நிலத்தை 75 ஆண்டுகள் அனுபவித்திருக்க வேண்டியதில்லை, வசிப்பும் சார்பும் போதும் என்று பழங்குடியினர் நல அமைச்சகம் விளக்கியுள்ளது. எனினும், கீழ்மட்டக் குழுக்கள் காகிதத்தையே கேட்கின்றன.

1930இல் ஒரு தலித் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய நில ஆவணம் எங்கே கிடைக்கும்? நிலம் வைத்திருக்கவே விடாத சமூகம், நிலம் வைத்திருந்ததற்குப் பத்திரம் கேட்கிறது. இந்நிலையில் பாட்டனைப் புதைத்த மேடும், அவர் நட்ட தெய்வக் கல்லும், வெட்டிய கிணறும்தான் அக்குடும்பத்தின் பதிவேடு. பொக்லைன் ஒருநாளில் தூர்த்துவிடக்கூடிய பதிவேடு அது.

பொதிகை மலையில் இரண்டு இடங்கள்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயில் உள்ளது. ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்ட மக்கள் திரளாகக் கூடும் இடம் அது. அங்கே பட்டவராயனுக்கும் அவன் மனைவியர் பொம்மக்கா, திம்மக்காவுக்கும் வழிபாடு நிகழ்கிறது. பிராமண இளைஞனான முத்துப்பட்டன் சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்து, செருப்புத் தைத்து, மாமனாரின் மாட்டு மந்தையைக் காக்கும் போரில் இறந்த கதை வில்லுப்பாட்டாக வாழ்கிறது. இன்றும் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அப்பெண்கள் பிறப்பால் பிராமணர் என்று மாற்றும் பகுதி கதைக்குள் பின்னர் சேர்ந்தது என்று நா. வானமாமலை எடுத்துக்காட்டினார்.

காட்டின் நலன் கருதி நெகிழிக்கும் வாகனங்களுக்கும் கட்டுப்பாடு விதிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த இடத்தின் வரலாற்றை எந்த வடிவில் எழுதுவது, எத்தனை நாள் தங்கலாம், எந்தச் சடங்கு அனுமதிக்கத் தக்கது என்பவற்றைத் துறைகள் மட்டும் முடிவு செய்வது வேறு. செருப்பு காணிக்கையாகும் ஒரு சன்னதியின் பொருள் யாருக்குத் தெரியுமோ, அவர்கள் அந்த மேசையில் அமர வேண்டும்.

அதே மலைத்தொடரில் மாஞ்சோலை உள்ளது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலைநிலத்தில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வு உள்ளிட்ட அவர்களது கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணியின் மீது காவல்துறை தடியடி நடத்தியதில், தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தனர். பின்னர் அந்நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. நிலம் கோரிய தொழிலாளர்களின் மனுக்களை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

குடியிருப்பு காலியாகும்போது அதன் கோயில்களும் தேவாலயங்களும் இடுகாடுகளும் என்னவாகும் என்ற கேள்விக்குத் தொல்லியல் சட்டத்தில் விடை இல்லை. 100 ஆண்டு நிறையாத எதுவும் அதற்குத் தொன்மைச் சின்னம் ஆகாது. 1929இல் தொடங்கிய ஒரு வாழ்வின் எச்சங்கள் அந்தத் தகுதியை எட்டுவதற்கு ஓராண்டு முன்னதாக, 2028இல், குத்தகையே முடிகிறது. நான்கு தலைமுறையினரைப் புதைத்த மண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சென்று விளக்கேற்றும் உரிமையாவது எழுத்தில் வர வேண்டாமா?

நியமகிரி காட்டிய வழி

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டும் திட்டத்தின்மீது உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. தங்கள் தெய்வமான நியமராஜாவை வழிபடும் உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. அந்த மலையுச்சி எந்தத் தொல்லியல் பட்டியலாலும் காக்கப்படவில்லை. மக்களின் வழிபாடே அதைக் காத்தது.

இவ்வழக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டோங்ரியா கோந்த் பழங்குடியினரோடு அதே காட்டைச் சார்ந்து தலித் குடும்பங்களும் வாழ்ந்தன. 2010இல் அறிக்கை அளித்த சக்சேனா குழு, சட்டப்படி அவர்களுக்கு உரிமைக் கோரிக்கை இல்லை என்றே கொண்டாலும் அவர்களது உண்மையான சார்பைப் புறக்கணிக்கக் கூடாது என்று வலியுறுத்தியது. பழங்குடி உரிமையும் தலித் உரிமையும் ஒன்றையொன்று தள்ளிவிடும் உரிமைகள் அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

பாதுகாப்பு என்ற வாதம்

மக்களை உள்ளே விட்டால் ஓவியங்கள் கிறுக்கப்படும், கற்கள் பெயர்க்கப்படும் என்பது துறைகளின் வழக்கமான மறுமொழி. சேதம் நிகழ்வது உண்மை. ஆனால் பாறையில் தன் பெயரைக் கிறுக்குபவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பயணி. அந்த இடத்தைத் தன் முன்னோருடையதாகக் கருதும் ஊராரே அதற்கு முதல் காவலர். மத்தியப் பிரதேசத்தில் ரதபானி காட்டுக்குள் உள்ள பீம்பேட்கா பாறைக்குகைகள் 2003இல் உலக மரபிடமாயின. சுற்றியுள்ள 21 ஊர்களின் பண்பாட்டு மரபு, ஓவியங்களில் காணும் வாழ்வோடு ஒத்திருப்பதை யுனெஸ்கோவே அதன் மதிப்பாகக் குறிப்பிடுகிறது. மரபிடத்துக்கு மதிப்புத் தரும் மக்களை அதன் நிர்வாகத்திலிருந்து விலக்குவது தன்முரண்.

களத்தில் செய்ய வேண்டியவை

முதலில் பதிவு. ஊர் மூத்தோரோடு காட்டுக்குள் சென்று இடுகாடு, தெய்வ மேடை, கிணறு, பழைய வீட்டுத்தளம் ஒவ்வொன்றையும் நிழற்படம், இருப்பிடக் குறியீடு, வழங்கும் பெயர் ஆகியவற்றுடன் பட்டியலிட வேண்டும். மூத்தோரின் வாக்குமூலங்களை எழுத்தில் பெற வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் குழுக்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதே விதி. ஆகவே மேட்டின் படத்தோடு வாக்குமூலமும் சேரட்டும்.

அடுத்து, கிராம சபைத் தீர்மானம். உறுப்பினர்களில் பாதிப்பேரும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருந்தால்தான் அது செல்லும். சமூக உரிமைக்கு 'பி' படிவம். சமூக வன வளத்துக்கு 'சி' படிவம். வன உரிமைக் குழுவில் மூன்றில் இரு பங்கு பழங்குடியினருக்கு உரியது. மீதமுள்ள இடங்களில் தலித் குடும்பங்கள் இடம்பெற்றுள்ளனவா என்பதைப் பார்க்க வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் மனுச் செய்யலாம். கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது 4ஆம் பிரிவு.

மூன்றாவது, குற்றவியல் பாதுகாப்பு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரின் வன உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பதையும், இடுகாட்டை மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், அவர்கள் புனிதமாகப் போற்றும் பொருளைச் சேதப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத எவர்மீதும் இது பாயும். தெய்வ மேடையை இடித்தவர்மீது வெறும் சொத்துச் சேத வழக்குப் பதிவதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்களால் இப்பணியில் பெரிதும் உதவ முடியும். ஒரு விடுமுறைக் காலத்தில் ஓர் ஊரின் இடுகாட்டையும் அதன் கதைகளையும் முறையாக ஆவணப்படுத்தினால், அது ஆய்வேடாகவும் உரிமைக் கோரிக்கையின் இணைப்பாகவும் பயன்படும். மேட்டின் பெயரையும் அதில் உறங்குபவரின் பெயரையும் அறிந்த தலைமுறை வேகமாக மறைந்துவருகிறது. அவர்கள் இருக்கும்போதே அந்த வாக்குமூலம் கையொப்பமோ கைநாட்டோ பெற்றுக் கோப்பில் சேர வேண்டும்.