வலைத்தள மேலாண்மைச் சொற்களும் தமிழர் ஓலை மரபும்

ஒரு தொழில் புதிதாகத் தோன்றுங்கால் அதற்குரிய சொற்கள் அனைத்தும் புதியனவாகத் தோன்றுதல் இல்லை. பழந்தொழில் ஒன்றின் சொற்களே பொருள் விரிந்து புதுத்தொழிலுக்கு வந்து பயன்படுதல் மொழிகளின் பொது இயல்பாகும். வலைத்தளங்களில் உரையையும் படத்தையும் எழுதிச் சேர்த்து, ஒழுங்குசெய்து, காத்துவரும் பணி இன்று பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. அப்பணியில் வழங்கும் வரைவு, வெளியீடு, பதிப்பு, வார்ப்புரு, பகுப்பு, மீத்தரவு, காப்பு முதலிய சொற்கள் கணிப்பொறியாளர்க்கே உரியவை என்று தமிழ் பயில்வோர் ஒதுக்கிவிடுகின்றனர். இச்சொற்கள் குறிக்கும் செயல்களுட் பல தமிழர்தம் ஓலை மரபில் முன்னரே இருந்தவை என்பதையும், அவற்றின் வேறுபாட்டை உணராது வழங்கினால் நூல்களுக்கே கேடு விளையும் என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வலையின் தோற்றம்

1989ஆம் ஆண்டு செனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய திம் பெர்னர்சு-லீ, ஆராய்ச்சியாளர்தம் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை வரைந்தார். 1991ஆம் ஆண்டு அது வெளியுலகினர்க்கும் பயன்படலாயிற்று. அத்திட்டத்தின் அலகு ‘பக்கம்’ எனப் பெயர் பெற்றது. அச்சு நூலின் சொல் அவ்வாறே வலைக்கு வந்தது. பக்கங்களைத் தொடுக்கும் இணைப்பின் அடிப்படையான மீயுரை என்னும் கருத்திற்கு 1965ஆம் ஆண்டிலேயே தெட்டு நெல்சன் என்பார் பெயரிட்டிருந்தார்.

ஈண்டு ஒரு செய்தி நினைக்கத்தக்கது. உலகின் முதல் வலைப்பக்கம் தோன்றிய நிலையிலேயே தனியே போற்றி வைக்கப்படவில்லை. புதிய செய்தி வந்தபோதெல்லாம் பழைய உரையின்மேலேயே அது எழுதப்பட்டது. 2013ஆம் ஆண்டு அதே நிலையத்தார் அப்பக்கத்தை மீட்கப் புகுந்தபோது, 1992ஆம் ஆண்டின் படி ஒன்றைக் கொண்டே தொடங்க நேர்ந்தது. அச்சிட்ட தாள் மறுபதிப்பு வந்தபின்னும் எங்கேனும் எஞ்சும்; வலைப்பக்கமோ மாற்றப்பட்ட கணத்திலேயே தன் பழைய நிலையை இழக்கும். வலைத்தள மேலாண்மைச் சொற்களுட் பெரும்பாலன இவ்விழப்பைத் தடுக்க எழுந்தவை எனலாம். 2001இல் வெளிவந்த துருப்பல், 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் ஆகிய மென்பொருள்கள் வரைவு, வெளியீடு, திருத்த வரலாறு முதலிய சொற்களை வல்லுநர் அல்லாதாரிடத்தும் பரப்பின.

2. வரைவும் வெளியீடும்

வலைத்தளத்தில் ஓர் உரையை எழுதுவார் ஒருவர், பார்வையிடுவார் ஒருவர், வெளியிட ஒப்புவார் ஒருவர். எழுதி முடியாத நிலை ‘வரைவு’ எனவும், பிறர் காணத் திறந்த நிலை ‘வெளியீடு’ எனவும் பெயர் பெறும். ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமை வரையறுக்கப்பட்டிருக்கும்.

இவ்வொழுங்கு சோழர் ஆட்சியில் ஓலை நடந்த முறையை நினைவூட்டுகின்றது. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 21ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடுகள் இம்முறையை நன்கு காட்டுவன. அரசன் வாய்மொழியாகக் கூறிய ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவான் எழுத்தில் அமைத்தான். திருமந்திர ஓலைநாயகம் அதனை நோக்கி ஒப்பினர். பின்னர் வரித்துறை அலுவலர் பலர் கூடியிருந்து அதனை வரிப்பொத்தகத்தில் ஏற்றினர். இவ்விறுதிச் செயலே ‘வரியிலிடுதல்’ எனப்பட்டது. வரியிலிடப்படும்வரை அரசன் சொல்லேயாயினும் அது நடைமுறைக்கு வந்ததாகாது. எழுதுதலும் ஒப்புதலும் பதிதலும் வெவ்வேறு செயல்கள் என்னும் தெளிவு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இருந்தமை இதனாற் புலனாம்.

நூல்களுக்கு அரங்கேற்றம் என்பது இத்தகைய நிலையாகும். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறும். கேட்போர் குற்றம் வினவ, ஆசிரியர் விடை கூறித் தெளிவித்த பின்னரே நூல் உலகிற்கு உரியதாயிற்று. இன்றைய வெளியீட்டில் வினவுவோர் இல்லாது போவதுண்டு. பொத்தான் ஒன்றை அழுத்துதல் எளிது. அவ்வெளிமை பற்றியே ‘வரைவு’ என்னும் நிலையைப் புறக்கணித்தல் ஆகாது.

3. மூலமும் படியும் காப்பும்

படி, மூலம், ஒப்புநோக்கல், காப்பு ஆகிய நான்கும் வலைத்தளப் பணியில் நாள்தோறும் வழங்குவன. இந்நான்கின் பயனையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்துக் காட்டியவர் சேக்கிழார். பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், முதியவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகின்றார். கிழிக்கப்பட்டது படியே என்றும், மூல ஓலை தம்மிடம் உளது என்றும் முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் கூறுகின்றார். மூல ஓலை வெளிப்பட்டபின், அதிலுள்ள கையெழுத்துச் சுந்தரர்தம் பாட்டனாருடையதுதானா என்னும் ஐயம் எழுகின்றது. காப்பிலிருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கி அவையோர் முடிவு காண்கின்றனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரு வேறுபாடுகள் துலங்குகின்றன. ஒன்று, அழிந்தால் மீட்பதற்கென்று வைத்திருக்கும் படி. மற்றொன்று, பிற்காலத்து ஐயம் தீர்ப்பதற்கென்று மாறாமற் போற்றும் ஆவணம். இவ்விரண்டையும் ‘காப்பு’ என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. முன்னையது நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. புதிய படி வந்ததும் பழைய படி நீக்கப்படும். பின்னையது ஒருகாலும் மாற்றப்படாதது. முன்னையதைக் ‘காப்புப்படி’ என்றும், பின்னையதை வைக்கும் இடத்தைக் ‘காப்பகம்’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நன்று. 1996ஆம் ஆண்டு புரூசுட்டர் கேல் என்பவர் தொடங்கிய இணையக் காப்பகம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது வலைப்பக்கங்களை நாள் குறித்து, அந்நாளின் நிலையிலேயே வைத்துப் போற்றுகின்றது.

4. மீத்தரவும் பகுப்பும்

ஓர் உரையைப் பற்றிய செய்திகளை உரையினின்று பிரித்து எழுதி வைப்பது ‘மீத்தரவு’ எனப்படும். எழுதியவர் யார், எப்பொழுது எழுதப்பட்டது, எவ்வகையைச் சார்ந்தது என்பன அதில் அடங்கும். இது நமக்குப் புதியதன்று. புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகியன குறிக்கப்பட்டிருத்தலை நாம் அறிவோம். பாட்டின் உறுப்பாகாது, பாட்டை அறியத் துணைசெய்யும் இக்குறிப்புகளே தமிழில் எழுந்த மீத்தரவு எனலாம். அவை இல்லையாயின் சங்ககால அரசர் வரலாற்றை எழுதுதல் பெரிதும் அரிதாகியிருக்கும்.

அக்குறிப்புச் சிதைந்த இடங்களில் நேர்ந்த இழப்பையும் நோக்குதல் வேண்டும். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் போன்ற பெயர்கள் பாட்டில் வரும் தொடரைக் கொண்டே இடப்பட்டவை. இயற்பெயர் மறைந்தது, பாட்டு எஞ்சியது. வலைத்தளத்தில் உரையைச் சேர்ப்போர் ஆசிரியர் பெயருக்கும் மூலத்திற்கும் உரிய இடங்களை வெறுமையாக விட்டுச் செல்லுங்கால், அதே இழப்பிற்கு மீண்டும் வழிசெய்கின்றனர்.

பகுப்பும் குறிச்சொல்லும் ஒன்றெனக் கருதப்படுதல் உண்டு. பகுப்பு என்பது முன்னரே வகுத்த பிரிவு. ஒன்றன்கீழ் ஒன்றாக அமைவது. திணையின்கீழ்த் துறை அமைவது போன்றது. குறிச்சொல் என்பது எழுதுவோர் பொருள் நோக்கித் தம் விருப்பால் இடுவது. அதற்கு மேல்கீழ் என்னும் ஒழுங்கு இல்லை. முன்னது நூலகத்தின் அடுக்கை ஒக்கும். பின்னது நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவை ஒக்கும்.

இணைப்பு என்பதையும் இவ்விடத்திற் கூறுதல் பொருந்தும். இணைக்கப்பட்ட பக்கம் அழியுமாயின் இணைப்புப் பயனற்றதாகும். தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைத்திலது. ஆயினும் உரையாசிரியர் எடுத்துக்காட்டிய பாடல்களாலும் புறத்திரட்டாலும் அதன் பகுதிகள் எஞ்சியுள்ளன. உரையாசிரியர் நூற்பெயரை மட்டும் சுட்டியிருப்பின் அப்பகுதிகளும் மறைந்திருக்கும். சுட்டுவோர் சுட்டிய பகுதியையும் உடன் எழுதுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் படிப்பினை.

5. தமிழில் எழுந்த சொற்கள்

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. வலைத்தளப் பணிச் சொற்களைத் தமிழில் நாள்தோறும் கையாண்டு நிலைபெறச் செய்ததில் அதன் பங்கு பெரிது. வார்ப்புரு, பகுப்பு, வழிமாற்று, பயனர் முதலியன அங்குப் பெருக வழங்குகின்றன. உருக்கிய உலோகத்தை வார்த்து உருச்செய்யும் தொழிலிலிருந்து வந்த வார்ப்புரு என்னும் சொல், ஒரே வடிவில் பல பக்கங்களை அமைக்கும் கருவியை நன்கு உணர்த்துகின்றது. பக்கம் ஒன்று பெயர் மாறியபோது பழைய பெயரால் தேடி வருவாரைப் புதிய இடத்திற்குச் செலுத்துவது வழிமாற்று. பொதுச் செய்திகளை உசாவும் இடத்திற்கு ஆலமரத்தடி எனப் பெயரிட்டமை, அயற்சொல்லைப் பெயர்க்காது தம் ஊர் வாழ்க்கையிலிருந்து சொல் தேர்ந்த திறத்திற்குச் சான்றாகும்.

எனினும் ஒரு சொல் ஆராயத்தக்கது. உரையை மாற்றியமைக்கும் செயலுக்கு அங்குத் ‘தொகு’ என்னும் சொல் வழங்குகின்றது. தொகுத்தல் என்பது தொல்காப்பிய மரபியலில் வழிநூல் வகை நான்கனுள் ஒன்று; விரிந்ததைச் சுருக்குதல் அதன் பொருள். எட்டுத்தொகை என்னும் வழக்கிலோ பலவற்றை ஒருங்கு சேர்த்தல் எனப் பொருள்படும். சேர்த்தல், நீக்கல், மாற்றல், பிழை களைதல் ஆகிய அனைத்தையும் அவ்வொரு சொல் தாங்குதல் வழக்கால் வந்தது. வழக்கை மறுத்தல் எம் கருத்தன்று. ஆராய்ச்சி நூல்களை வலையில் ஏற்றுங்கால் மட்டும் இச்செயல்களைப் பிரித்துக் கூறுதல் இன்றியமையாதது என்கின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன் யாம் பங்குகொண்ட ஒரு பணியில், பழைய உரைநூல் ஒன்றைத் தட்டச்சுச் செய்து வலையில் ஏற்றினோம். ‘திருத்தம் செய்க’ என்று கூறப்பட்டது. தட்டச்சுப் பிழையைத் திருத்துக என ஒருவர் பொருள்கொண்டார். பாடத்தையே திருத்துக என மற்றொருவர் பொருள்கொண்டார். அச்சு நூலில் இருந்த அரிய பாடங்கள் சில, எளிய பாடங்களாக மாற்றப்பட்டன. முந்தைய நிலை சேமிக்கப்படவில்லை. அப்பக்கத்தை மேற்கோள் காட்டி ஆய்வேடு எழுதிய மாணவர் ஒருவர், தாம் காட்டிய தொடர் அப்பக்கத்திலேயே இல்லை என்று வந்து கூறியபோதுதான் பிழை எமக்குப் புலனாயிற்று. அச்சு நூலோடு மீண்டும் ஒப்புநோக்க எமக்குப் பல திங்கள் ஆயின. குற்றம் எவர் ஒருவருடையதும் அன்று. சொல்லை வரையறுக்காது விட்ட எம் அனைவருடையதுமாகும்.

உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டு புறநானூற்றையும் வெளியிட்ட காலத்துப் பதிப்பாசிரியர், தம் செயலைப் ‘பரிசோதித்தல்’ என்றும், சுவடிகளிடையே கண்ட மாறுபாட்டைப் ‘பிரதிபேதம்’ என்றும் வேறு வேறாகக் குறித்தனர். தாம் கொள்ளாத பாடத்தையும் மறையாது காட்டினர். இன்றைய மென்பொருள் காட்டும் திருத்த வரலாறு இவ்வறத்தின் பொறிவடிவமே ஆகும். அதனைப் பயன்கொள்ளாது விடுதல், பிரதிபேதத்தைக் குறிக்காது நூல் அச்சிடுதலை ஒக்கும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். தட்டச்சுப் பிழை களைதலைப் ‘பிழைதிருத்தம்’ எனலாம். பாடத்தில் மாற்றம் செய்தலைப் ‘பாடத்திருத்தம்’ எனலாம். மாற்றம்தோறும் சேமிக்கப்படும் உருவைப் ‘படிநிலை’ எனலாம். பொறுப்பேற்று நாளிட்டு வெளியிடும் உருவிற்கு மட்டும் ‘பதிப்பு’ என்னும் சொல்லை வரையறுத்துக்கொள்ளலாம். மேற்கோள் காட்டுவோர் பதிப்பையேனும் படிநிலையின் நாளையேனும் குறித்தல் வேண்டும்.

இச்சொற்களே நிலைபெற வேண்டும் என்பது எம் பிடிவாதமன்று. இவற்றினும் சிறந்தவை கிடைப்பின் அவற்றை ஏற்போம். ஒரு செயலுக்கு ஒரு சொல் என்னும் வரையறை மட்டும் வேண்டும். ஏடுகளைச் செல்லுக்கும் நெருப்பிற்கும் இழந்தோம் என்று நாம் வருந்துகின்றோம். வலையில் ஏற்றிய நூல்களைச் சொற்குழப்பத்திற்கு இழந்தோம் என்று வருங்காலத்தவர் வருந்தாவண்ணம் காத்தல் தமிழ்த்துறையினர் கடனாகும்.