ஊர் திரும்பும் துப்பாக்கி

டெக்சாஸ்ல மூட்டை கட்டிட்டிருக்கிற நண்பன் நேத்து கேட்டான்: "மச்சி, என் பிஸ்டலை ஊருக்கு எடுத்துட்டு வரலாமாடா?" சிரிச்சுட்டேன். அப்புறம் நோண்டினா, பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கு மக்களே!

1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. 1857 கலகத்தோட பயம் போகாத காலம். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம்; வெள்ளைக்காரனுக்கு விலக்கு. சுதந்திர இந்தியா 1959-ல் புதுச் சட்டம் போட்டது. லைசென்ஸ் மட்டும் போகலை.

தனியாட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்ய பொதுவா தடை. குடிமாறி ஊர் திரும்பறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு அனுமதி. அதுவும் வெளிநாட்டுல ஒரு வருஷமாவது சொந்தமா வெச்சுப் பயன்படுத்தியிருக்கணும். இந்திய லைசென்ஸ் வேணும், சுங்கவரி கட்டணும். ஆயுசு முழுக்க விற்கவோ இரவல் தரவோ கூடாது. வெளிநாட்டுச் சரக்குக்கு இங்க இருக்கிற கிராக்கி அப்படி!

நண்பனோடது 9 எம்.எம். இங்க அது தடை செய்யப்பட்ட ரகம். "அங்கயே வித்துட்டு வாடா"ன்னுட்டேன்.

1878 சட்டத்தை நினைச்சா கோபம் வருது. ஆனா லைசென்ஸே வேணாம்னு சொல்லவும் மனசு வரலை. நீங்க என்ன சொல்றீங்க?