ஏப்ரல் 14: தீத்தொண்டு வாரமும் நம் பிள்ளைகளும்

ஏப்ரல் 14 என்றால் நம் தெருவில் நீலக்கொடி, மாலை, மைக்செட். தீத்தொண்டு வாரம் தொடங்குவதும் அன்றைக்குத்தான் என்பது நம்ம பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில், பஞ்சுப் பொதியையும் வெடிமருந்தையும் ஒண்ணாக ஏற்றிவந்த போர்ட் ஸ்டிக்கைன் என்னும் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் செத்தார்கள். துறைமுகக் கூலிகளும் சுற்றுப்புறத்து மக்களும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். வீரர்களுக்கு ஒரு நாள் கிடைத்தது, நியாயம்தான். மூட்டை தூக்கிச் செத்தவனுக்கு எந்த நாள்? வைசிராயின் நிர்வாகக் குழுவில் அப்போது தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவருக்கு அன்று 53 வயது நிறைந்தது.

ஆதம்பாக்கம் ஏரிப்பக்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தபோது நானும் தீ பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் 'கவனமாக இரு' என்பதுதான். அதாவது எரிந்தால் அடுப்பு மூட்டிய அம்மா மேல்தான் குத்தம். கீத்துக் கூரையைப் பற்றி, வண்டி நுழையாத சந்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்க கிழவிகளுக்கு இதைவிட நல்ல பாடம் தெரியும். சித்திரையில் கீத்து காய்ந்து சருகாகிவிடும். ராத்திரி படுக்குமுன் வாசலில் ரெண்டு குடம் தண்ணி, ஒரு நனைச்ச சாக்கு. ஒரு குடிசை பத்திக்கிட்டா அதை விட்டுடு, பக்கத்துக் குடிசையின் கூரையைத் தொரட்டி போட்டு இழுத்துப் பிரி. தீக்குத் தீனி இல்லாமப் போகும். அடுத்தவன் கூரையைப் பிரிக்க அடுத்தவன் சம்மதிக்கணுமே, அதற்குத்தான் தெரு ஒத்துமை வேண்டும் என்பார்கள். மூங்கில் வெடிக்கிற சத்தத்தை வைத்தே தீ எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லுவார்கள். இதை யாரும் வரலாறு என்று எழுதி வைக்கவில்லை.

"தீ பிடிச்சா குனிஞ்சு தவழ்ந்து கதவைப் பார்த்து ஓடு" என்று நான் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி கேட்டாள்: "வெளிய தாப்பா போட்டிருந்தா சார்?"

அவளுடைய தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வெண்மணியை வீட்டில் கேட்டு வளர்ந்தவள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட நம் சனங்கள் அடியாட்களுக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஒதுங்க, அதைப் பூட்டிக் கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இதை எந்தத் தீத்தொண்டு வாரத்தில் சேர்ப்பது? 2012 நவம்பர் 7-ல் தருமபுரி நத்தம் காலனியில் எரிந்தவை குடிசைகள்கூட இல்லை, உழைத்துக் கட்டிய வீடுகள். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் அதில் போயின.

கும்பகோணத்துக்கு எவனும் தீ வைக்கவில்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. சமையற்கட்டில் கிளம்பிய நெருப்பு மேல்மாடிக் கீத்துக் கூரைக்குத் தாவியது. குறுகலான ஒரே மாடிப்படி. 94 பிள்ளைகள். ஒரே கட்டடத்தில் மூணு பள்ளிக்கூடம் நடத்த அனுமதி கொடுத்த கையெழுத்துகளுக்குத் தீ பற்றிய பாடம் யார் எடுத்தது? பத்து வருசம் கழித்து, 2014 ஜூலை 30-ல் தீர்ப்பு வந்தது. நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. அதிகாரிகள் பலர் விடுதலை.

அந்தப் பொண்ணின் கேள்விக்கு அப்புறம் பாடத்தை மாற்றிக்கொண்டேன். துணியில் தீ பிடித்தால் ஓடாதே, தரையில் உருளு. மண்ணெண்ணெய்த் தீயில் தண்ணி ஊத்தாதே, மண்ணைப் போடு. வெந்த இடத்தில் இங்க், பேஸ்ட் தடவாதே, குளிர்ந்த தண்ணியில் இருபது நிமிசம் வை. 101-ஐ மனப்பாடம் பண்ணு. இதெல்லாம் அப்படியே. கூடவே ஒரு வீட்டு வேலை கொடுத்தேன்: உன் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வழி, எந்தக் கதவுக்குப் பூட்டு, சாவி யாரிடம், உன் சந்துக்குள் தண்ணி வண்டி வருமா என்று எழுதிக்கொண்டு வா. நாலு பேர் எழுதி வந்தார்கள். ஒருத்தன் சாவி யாரிடம் என்று கேட்டதற்கு வாத்தியாரிடம் திட்டு வாங்கினான். மறுநாள் போய் மறுபடியும் கேட்டிருக்கிறான்.