பட்டம் ஒரு பெயரில், படிப்பு வேறிடத்தில்

உயிரியலில் இளநிலைப் பட்டம் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்கிறோம். தமிழகத்தின் கல்வி வரலாற்றைப் பார்த்தால், இது இடம் மாறிக் கேட்கப்படும் கேள்வி. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம், அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே பிறந்தது. பாடம் நடத்தியவை அதனுடன் இணைந்த கல்லூரிகள். ஆகவே உயிரியல் மாணவரின் தகுதியைத் தீர்மானித்தது பல்கலைக்கழகத்தின் புகழைவிட, அவர் நுழைந்த கல்லூரித் துறையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான்.

சென்னை மாநிலக் கல்லூரியே இதற்குச் சான்று. 1886இல் அங்கே உயிரியல் பேராசிரியராக வந்த ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன் மண்புழுக்களையும் தேள்களையும் ஆராய்ந்தவர். அவரும் அவர் மனைவியும் பழனி மலையில் செடிகளைச் சேகரித்தார்கள். அதே கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் பிலிப் ஃபைசன், நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நூலுக்கு அந்தச் சேகரிப்பு பெரிதும் உதவியது. 1921இல் அங்கே தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து உலகறியும் பெயர் பெற்றார். பாசியியலில் பெரும் பெயரான எம்.ஓ.பி. ஐயங்காரும் அங்கே படித்து அங்கேயே கற்பித்தவர். மலையேறிச் செடி பறித்துவந்து அடையாளம் காணும் ஆசிரியரிடம் படிப்பதும், அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைவதும் ஒன்றாகா.

எல்லோரும் ஒரே வினாத்தாளைத்தானே எழுதினார்கள், எந்தக் கல்லூரியானால் என்ன என்று கேட்கலாம். வினாத்தாள் மனப்பாடத்தைச் சமமாக அளந்திருக்கலாம். உயிரியலின் அடிப்படைத் திறனான உற்றுநோக்கலை அதனால் ஊட்ட முடியாது. இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே ஆய்வில் இறங்கியது, ஐயங்காருக்குப் பின் டி.எஸ். சதாசிவன் நடத்திய அதன் தாவரவியல் ஆய்வுக்கூடம் தாவர நோயியலில் உலக மதிப்புப் பெற்றது. அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அது ஆய்வு மாணவருக்கான கூடம். பி.எஸ்சி. மாணவர்கள் தொடர்ந்து கல்லூரிகளில்தான் படித்தார்கள். ஆய்வுப் பெருமையை வைத்து இளநிலைப் படிப்பை எடைபோடும் இன்றைய தரவரிசைப் பழக்கம் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகிறது.

நல்ல ஆசிரியர் ஓய்வுபெறுவார், அரசுக் கல்லூரியென்றால் மாற்றலாகியும் போவார், ஆளை நம்பி எப்படிச் சேர்வது என்ற கேள்வியும் நியாயமே. ஆள் போனாலும் சேகரிப்பு தங்கும். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் 1967இல் அமைந்த ராபினா உலர்தாவரகம், கே.எம். மேத்யூ 1980களில் தமிழ்நாட்டுத் தாவரங்களைத் தொகுத்த பெரும்பணிக்குத் தளமாயிற்று. அவர் மறைந்த பிறகும் காய்ந்த செடிகள் ஒட்டிய தாள்கள் அங்கேயே இருக்கின்றன. மூலக்கூறு உயிரியல் காலத்தில் காய்ந்த செடி எதற்கு என்பவர்கள், டி.என்.ஏ. எடுத்த மாதிரி எந்தச் செடியுடையது என்று உறுதிசெய்ய உலர்தாவரகத்தைத்தான் நாட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1978இல் தமிழகக் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்றபோது, பாடத்திட்டமும் தேர்வும்கூட அவற்றின் கைக்கே வந்தன. பட்டத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே ஆனாலும், அதைப் பெற்ற இருவர் ஒரே பாடத்தைப் படித்திருப்பார்கள் என்பதற்கு அதன்பின் உறுதியில்லை.